வீட்டில் மைனிங் ஓட்டலாமா? கிரிப்டோவில் புதிதாகக் கால் வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

"பழைய லேப்டாப் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, அதில் பிட்காயின் மைனிங் ஓட்டினால் மாசம் ஏதாவது வருமா?" கிரிப்டோ பற்றிக் கேட்பவர்களில் நிறையப் பேர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். வராது. கரண்ட் பில் மட்டும் வரும். ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம், ஏனென்றால் இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால், "எங்களிடம் பணம் போடுங்கள், நாங்கள் உங்களுக்காக மைனிங் செய்கிறோம்" என்று வரும் விளம்பரங்களை எப்படிப் பார்ப்பது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

மைனிங் என்றால் என்ன? இணையத்தில் மட்டுமே இருக்கும் பணமான பிட்காயினில் யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்பதை எழுதி வைக்க வங்கி கிடையாது. உலகம் முழுக்க ஓடும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்குப் புத்தகத்தின் நகல் இருக்கிறது, அதற்குப் பெயர்தான் பிளாக்செயின். புதுப் பரிமாற்றங்களைத் திரட்டி ஒரு பிளாக்காகக் கட்டி அந்தப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். யார் சேர்ப்பது என்பதற்கு ஒரு போட்டி உண்டு. பிளாக்கில் இருக்கும் விவரத்தோடு ஏதோ ஒரு எண்ணைச் சேர்த்து, எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். கிடைக்கும் விடை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் ஜெயித்தீர்கள், இல்லாவிட்டால் எண்ணை மாற்றி மறுபடியும் போட வேண்டும். இதில் புத்திசாலித்தனத்துக்கு வேலையே இல்லை, நொடிக்கு எத்தனை முறை முயற்சி செய்ய முடிகிறது என்பதுதான் எல்லாம். ஜெயிப்பவருக்கு 2009-ல் 50 பிட்காயின் கிடைத்தது. ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகிறது, 2024 ஏப்ரலில் இருந்து 3.125. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். நிறைய மெஷின்கள் வந்து சேர்ந்து பிளாக் வேகமாகக் கிடைக்க ஆரம்பித்தால், 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போட்டி தானாகவே கடினமாகிவிடும். ஆக, உலகம் முழுக்கச் சேர்த்து ஒரு நாளைக்குப் புதிதாக வருவது சுமார் 450 பிட்காயின்தான். எத்தனை கோடி மெஷின் வந்தாலும் இந்த 450 அதிகமாகாது, பங்கு போடும் ஆள்தான் அதிகமாகும்.

இப்போது உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். அது நொடிக்குச் சில கோடி முறை முயற்சி செய்யும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கென்றே செய்யப்பட்ட ஆசிக் மெஷின்கள் இருக்கின்றன. ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மாடல் நொடிக்கு 200 லட்சம் கோடி முறை முயற்சி செய்கிறது. ஒரே பெட்டி, லட்சக்கணக்கான லேப்டாப்களுக்குச் சமம்.

சரி, கடன் வாங்கியாவது அந்தப் பெட்டியையே வாங்கிவிட்டால்? 2025-ல் உலகத்தில் ஓடும் மொத்த மைனிங் வேகம், இதே மாதிரி 50 லட்சம் பெட்டிகளுக்குச் சமமான அளவைத் தொட்டுவிட்டது. ஒரு நாளின் 450 பிட்காயினை 50 லட்சத்தால் வகுத்தால் உங்கள் பங்கு 0.00009. இரண்டு மாதத்துக்கு 0.0054. ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 43,200 ரூபாய். அட, பரவாயில்லையே என்று தோன்றும். பொறுங்கள். அந்தப் பெட்டி 3,500 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 84 யூனிட், இரண்டு மாதத்துக்கு 5,040 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாத பில்லில் 1000 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் 11 ரூபாய்க்கு மேல். முதல் 100 யூனிட் இலவசம், கீழ் அடுக்குகளின் குறைந்த விலை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாலும் பில் 50,000 ரூபாயைத் தாண்டிவிடும். வருமானம் 43,200. மெஷின் விலையை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதை ஓட்டும் அறையில் ஒரு ஹீட்டர் இரவும் பகலும் எரிகிற சூடு, பக்கத்தில் நின்று பேச முடியாத சத்தம், அப்புறம் ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பிளக் அதன் உச்ச எல்லையிலேயே 24 மணி நேரமும் ஓடும், சாதாரண வயரிங்காக இருந்தால் முதலில் உருகுவது பிளக்தான்.

இதில் இன்னொரு விஷயம்: மேலே சொன்ன பங்கு கிடைப்பதுகூட மைனிங் பூலில் சேர்ந்தால்தான், அதாவது ஆயிரக்கணக்கானவர்கள் வேகத்தை ஒன்றாகச் சேர்த்து வருவதைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. தனியாக ஓட்டினால் ஒரு பிளாக் ஜெயிக்கச் சராசரியாக 95 வருடம் ஆகும். நாளைக்கே கிடைக்கலாம், பேரன் காலத்திலும் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் மைனிங் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்துக்கு ஓடுகிறது. 2021-ல் சீனா தடை செய்ததும் மெஷின்கள் டெக்சாஸுக்கும் கசகஸ்தானுக்கும் இடம் பெயர்ந்தன. பூட்டானில் அரசு நிறுவனமே நீர்மின்சாரத்தில் மைனிங் செய்கிறது. அணை வைத்திருக்கிறவரோடு நாம் போட்டி போட முடியாது.

கிராபிக்ஸ் கார்டு வைத்து ஓட்டலாமே என்று கேட்பவர்கள் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அது, பிட்காயினுக்கு அடுத்த பெரிய கிரிப்டோவான ஈத்தேரியத்தைக் கார்டில் மைனிங் செய்த காலம். 2022 செப்டம்பர் 15-ம் தேதி ஈத்தேரியம் மைனிங்கையே கைவிட்டு வேறு முறைக்கு மாறிவிட்டது. அதில் ஓடித் தேய்ந்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து குவிந்தன, கேமிங்குக்கு மலிவாகக் கார்டு தேடுகிறவர்கள் கவனமாக இருக்கவும். மோனீரோ போன்ற சில நாணயங்களைச் சாதாரண பிராசசரிலேயே ஓட்டலாம், உண்மைதான். கிடைப்பது கரண்ட் காசுக்குப் போதாது. கரண்ட் இலவசமாகக் கிடைக்கும் இடம் என்று ஆபீஸ் சர்வரிலோ காலேஜ் லேபிலோ ஓட்ட நினைக்க வேண்டாம், அது திருட்டு. ரஷ்யாவின் சரோவ் அணு ஆராய்ச்சி மையத்தில் சூப்பர் கம்ப்யூட்டரையே இதற்குப் பயன்படுத்தப் பார்த்த ஊழியர்கள் 2018-ல் கைதானார்கள்.

போனில் மைனிங் செய்யும் ஆப்? கூகுள் பிளே 2018-லேயே போனில் மைனிங் செய்யும் ஆப்களைத் தடை செய்துவிட்டது, ஆப்பிளும் அப்படியே. ஆகவே தினமும் ஒரு பட்டனைத் தட்டினால் நாணயம் ஏறுகிறது என்று காட்டும் ஆப் எதுவும் உங்கள் போனில் மைனிங் செய்யவில்லை. திரையில் ஒரு எண்ணை ஏற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மாறாக, நீங்கள் எதுவும் செய்யாமலேயே உங்கள் கம்ப்யூட்டர் இன்னொருவருக்காக மைனிங் செய்துகொண்டிருக்கலாம். கிராக் செய்த கேம், இலவசமாக இறக்கிய ஃபோட்டோஷாப், இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் வேலை இது. எதையும் திறக்காதபோதும் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியில் அடங்கிவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

மைனிங் வேண்டாம், வாங்கிப் பயன்படுத்திப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு வருவோம். விலை ஏறுமா இறங்குமா என்று நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அதற்கு யூடியூபில் ஆள் நிறைய. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது: காயின் எங்கே இருக்கிறது?

போனில் இல்லை. கிரிப்டோவை வாங்கவும் அனுப்பவும் பயன்படும் வாலட் ஆப்பிலும் இல்லை. பிளாக்செயினில் இருக்கிறது. ஊர் நடுவில் வைத்த கண்ணாடி உண்டியல் மாதிரி, எவ்வளவு இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சாவி வைத்திருப்பவர்தான் எடுக்க முடியும். அந்தச் சாவி ஒரு மிக நீளமான ரகசிய எண். அதை மனிதர்கள் எழுதி வைக்க வசதியாக 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளாக மாற்றித் தருவார்கள், இதுதான் சீட் ஃப்ரேஸ். 2048 வார்த்தை கொண்ட ஒரு நிலையான பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டவை. வரிசை மாறக் கூடாது. போன் தொலைந்தாலும் இந்த வார்த்தைகள் இருந்தால் வேறு போனில் எல்லாம் திரும்ப வந்துவிடும். வார்த்தைகள் தொலைந்து போனும் தொலைந்தால், ஆதார், பான் கார்டு, காவல் நிலையப் புகார் எதைக் காட்டினாலும் பலனில்லை, ஏனென்றால் காட்டுவதற்கு எதிரே ஆளே கிடையாது. வேல்ஸில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவர் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-ல் குப்பைக்குப் போய்விட்டது, சுமார் 8,000 பிட்காயின். குப்பைக் கிடங்கைத் தோண்ட விடுங்கள் என்று நியூபோர்ட் நகராட்சியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 2025 ஜனவரியில் நீதிமன்றத்திலும் தோற்றார்.

அந்த வார்த்தைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். நிறையப் பேர் செய்வது இதைத்தான், போட்டோ கிளவுடுக்கும் போய்விடுகிறது. கேலரியில் உள்ள படங்களைத் துழாவி, அதில் சீட் ஃப்ரேஸ் மாதிரி எழுத்து இருந்தால் அனுப்பிவிடும் வைரஸ் ஒன்றை 2025 பிப்ரவரியில் கேஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது, அதுவும் ஆப் ஸ்டோரிலேயே இருந்த ஆப்களில். பேப்பரில் பேனாவால் எழுதி, இரண்டு இடத்தில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். இதற்கு நாமினி படிவம் கிடையாது. அப்புறம், எந்த நிறுவனத்தின் கஸ்டமர் கேரும் இந்த வார்த்தைகளைக் கேட்க மாட்டார்கள். டெலிகிராமில் "சப்போர்ட்" என்று பெயர் வைத்துக்கொண்டு கேட்கிறவர் திருடர். இதில் விதிவிலக்கே இல்லை.

கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் நிறுவனமான எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால்? சாவி அவர்களிடம் இருக்கும். பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுத் தருவார்கள், அந்த வசதி உண்மைதான், சின்னத் தொகைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் அவர்கள் வீட்டில் திருட்டு நடந்தால் உங்கள் பணமும் மாட்டிக்கொள்ளும். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் இருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்பிலான கிரிப்டோ திருடுபோனது. திருடுபோகாத காயினை வைத்திருந்தவர்களும் ஒரு வருடத்துக்கு மேல் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி எக்ஸ்ஆர்பி காயின் முடங்கிப்போன ஒரு பெண் தொடுத்த வழக்கில்தான், கிரிப்டோ என்பது சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. இதற்கு முன்னால் ஜப்பானின் மவுன்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014-ல் கவிழ்ந்தது, 2022-ல் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச். சும்மா பெயர் தெரிந்த பெரிய இடம் என்பதால் மட்டும் தூங்கிவிடக் கூடாது.

அனுப்பும்போது நடக்கும் தவறுகள்தான் இன்னும் எரிச்சலானவை. ஜிபேயில் தப்பான நம்பருக்குப் போனால் குறைந்தது புகார் செய்ய வங்கி இருக்கிறது, இங்கே போனது போனதுதான். பிட்காயின் அட்ரஸில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் வாலட்டே தடுத்துவிடும், அதற்கான சரிபார்ப்பு உள்ளேயே உண்டு. தொல்லை வருவது காப்பி-பேஸ்டில். நீங்கள் காப்பி செய்த அட்ரஸை, பேஸ்ட் செய்யும்போது திருடனுடைய அட்ரஸாக மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. இன்னொரு தந்திரம், நீங்கள் அடிக்கடி அனுப்பும் அட்ரஸைப் போலவே முதல் சில எழுத்தும் கடைசி சில எழுத்தும் ஒத்திருக்கும் அட்ரஸில் இருந்து சின்னத் தொகை ஒன்றை உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். அடுத்த முறை ஹிஸ்டரியில் இருந்து காப்பி செய்யும்போது அதை எடுத்துவிடுவீர்கள் என்பது கணக்கு. 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படித்தான் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்பை அனுப்பினார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது, அப்படிக் கிடைப்பது அபூர்வம். ஆகவே முதலும் கடைசியும் மட்டும் பார்த்தால் போதாது, நடுவிலும் பாருங்கள். பெரிய தொகை என்றால் முதலில் கொஞ்சமாக அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி செய்யப்பட்ட யுஎஸ்டிடி காயினை வாங்குபவர்கள் நெட்வொர்க்கையும், அதாவது எந்த பிளாக்செயின் வழியாக அனுப்புகிறோம் என்பதையும், பார்க்க வேண்டும். ஒரே யுஎஸ்டிடி டிரான், ஈத்தேரியம் என்று பல நெட்வொர்க்கில் ஓடுகிறது. பெறுபவரின் எக்ஸ்சேஞ்ச் எந்த நெட்வொர்க்கை ஏற்கிறதோ அதிலேயே அனுப்ப வேண்டும். மாற்றி அனுப்பினால் சில சமயம் எக்ஸ்சேஞ்ச் உதவும், கட்டணம் வாங்கிக்கொண்டு, வாரக்கணக்கில். அப்புறம் டிரானில் யுஎஸ்டிடி அனுப்பக் கட்டணம் கட்டுவதற்கு டிஆர்எக்ஸ் என்ற அதன் சொந்தக் காயின் வாலட்டில் கொஞ்சம் இருக்க வேண்டும்.

இதை வைத்தே ஒரு அழகான பொறி இருக்கிறது. யூடியூப் கமென்ட்டில் ஒருவர் அப்பாவியாகக் கேட்பார்: "என் வாலட்டில் யுஎஸ்டிடி இருக்கிறது, சீட் ஃப்ரேஸ் இதோ, எப்படி எடுப்பது?" பன்னிரண்டு வார்த்தையும் அப்படியே இருக்கும். முட்டாள் மாட்டினான் என்று நினைத்து நீங்கள் அந்த வாலட்டைத் திறந்தால் உண்மையிலேயே உள்ளே யுஎஸ்டிடி இருக்கும்! எடுக்கக் கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் மட்டும் இல்லை. கொஞ்சம்தானே என்று உங்கள் காசில் டிஆர்எக்ஸ் போடுவீர்கள். அந்த வாலட்டில் இருந்து எடுக்க வேறொரு சாவியின் கையெழுத்தும் தேவை என்று முன்பே மாற்றி வைத்திருப்பார்கள். யுஎஸ்டிடி அசையாது, நீங்கள் போட்ட டிஆர்எக்ஸ் போய்விடும். திருடப் போனவரிடமே திருடுவதால் யாரும் வெளியே சொல்வதில்லை.

பிட்காயினில் கட்டணம், அனுப்பும் தொகையைப் பொறுத்தது அல்ல, நெரிசலைப் பொறுத்தது. 2024 ஏப்ரல் 20 அன்று ஒரு பரிமாற்றத்துக்குச் சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. அன்றைக்கு 500 ரூபாய் அனுப்பப் பார்த்தவர் பாவம்.

சட்டப்படி சரியா? இந்தியாவில் தடை இல்லை. வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ல் ரத்து செய்தது. ஆனால் இது செல்லுபடியாகும் பணமும் அல்ல, கடைக்காரர் வாங்கியே தீர வேண்டும் என்று சொல்ல முடியாது. இலங்கையிலும் மத்திய வங்கி இதைப் பணமாக ஏற்கவில்லை, டெபிட், கிரெடிட் கார்டில் கிரிப்டோ வாங்க அனுமதி இல்லை என்றும் அறிவித்திருக்கிறது.

வரி இந்தியாவில் கொஞ்சம் கொடூரம். லாபத்தில் 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. உங்கள் மற்ற வருமானம் குறைவு என்பதால் இதில் சலுகை இல்லை. ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனாலும் 31,200 ரூபாய் வரி. நஷ்டத்தை அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஒரு காயினை இன்னொன்றாக மாற்றினாலும் விற்றதாகத்தான் கணக்கு. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ், 2022 ஜூலையில் இருந்து. வரி ரிட்டர்னில் இதற்கென்று தனி அட்டவணை உண்டு, விட்டுவிட்டால் டிடிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும். மைனிங் ஆட்களுக்கு இன்னும் மோசம்: மைனிங் செய்ய ஆகும் கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று அரசு 2022-ல் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. மேலே போட்ட 43,200 கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வரிக்குப் பயந்து தெரியாத ஆளிடம் நேரடியாக வாங்கி விற்கும் பி2பி பக்கம் போகிறவர்கள் உண்டு. அங்கே காத்திருப்பது வேறு தலைவலி. உங்கள் காயினை வாங்கியவர் அனுப்பிய பணம் எங்கேயோ ஒருவரை ஏமாற்றிய பணமாக இருந்தால், வேறு மாநில சைபர் போலீஸ் அந்தத் தடத்தைப் பிடித்துவந்து உங்கள் வங்கிக் கணக்கை முடக்கிவிடும். நீங்கள் தப்பு செய்யவில்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியது உங்கள் பாடு, அதுவரை சம்பளமும் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். செய்தே ஆக வேண்டும் என்றால், எக்ஸ்சேஞ்சில் உள்ள பெயரும் பணம் அனுப்பும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கி ஆப்பில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு காயினை விடுங்கள்.

மோசடிகளின் பட்டியல் போட்டால் முடியாது. தினம் 2 சதவீதம் லாபம், எலான் மஸ்க் வாயசைக்கும் வீடியோ, வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடும் முகம் தெரியாத மேடம், அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்பத் தருகிறேன் என்பது. கடைசியாகச் சொன்னது 2020 ஜூலையில் ஒபாமா, மஸ்க் ஆகியோரின் உண்மையான ட்விட்டர் கணக்குகளில் இருந்தே வந்தது. கணக்குகளை ஹேக் செய்ததற்குப் பின்னால் இருந்த முக்கிய ஆள் ஃபுளோரிடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன். இப்போது அதிகம் நடப்பது போலி டிரேடிங் ஆப். போட்ட பணம் ஆப்பில் ஏறிக்கொண்டே போகும், முதல் தடவை ஐயாயிரம் எடுக்கக்கூட விடுவார்கள், நம்பிக்கை வந்து பெரிதாகப் போட்ட பிறகு எடுக்கப் போனால் "முதலில் 30 சதவீத வரியைக் கட்டுங்கள்" என்பார்கள். வரியை அரசுக்குத்தான் கட்டுவோம், ஆப்காரனுக்கு அல்ல. மெஷினை வாடகைக்குத் தருகிறோம், கிளவுடு மைனிங் என்று வருபவர்களிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: அந்த மெஷினில் உண்மையிலேயே லாபம் வருகிறது என்றால், அதை எனக்கு ஏன் வாடகைக்கு விடுகிறீர்கள்?

மாட்டிவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். வங்கியில் இருந்து போன பணம் இன்னும் நகராமல் இருந்தால் நிறுத்த வாய்ப்பு உண்டு, மணிக்கணக்கு முக்கியம். பணம் அனுப்பிய குறிப்பு எண், எந்த அட்ரஸுக்குப் போனது, டிரான்ஸாக்‌ஷன் ஐடி, சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். குரூப்பைக் கோபத்தில் டெலீட் செய்யாதீர்கள். பிளாக்செயின் எல்லோருக்கும் தெரியும்படி இருப்பதால், திருடன் அதை ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவந்தால் போலீஸ் கேட்டு முடக்க முடியும். 2016-ல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் திருடுபோனதில் பெரும்பகுதியை, 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயினை, அமெரிக்க அரசு 2022-ல் இப்படித் தடம் பிடித்தே கைப்பற்றியது. நீங்கள் புகார் கொடுத்த சில நாளில், இழந்ததை மீட்டுத் தருகிறோம், எங்களிடம் ஹேக்கர்கள் இருக்கிறார்கள் என்று ஒருவர் மெசேஜ் செய்வார். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்கு உண்டு, அதில் உங்கள் நம்பர் ஏறியிருக்கும். அவர் முன்பணம் கேட்டதும் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.